ஐந்து அங்குலம் அரை நூல்

சென்ற மாதம் ஒரு சிற்றிதழ்க் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தோம். நல்ல இசை ரசனையுள்ள நண்பர் ஒருவர், மின்னணு இசைக்கு ஊர் கிடையாது என்றார். நாகஸ்வரத்துக்கு நரசிங்கன்பேட்டை இருக்கிறது, வீணைக்குத் தஞ்சாவூர் இருக்கிறது, சிந்தசைஸருக்கு என்ன இருக்கிறது, சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் போதுமே என்பது அவர் வாதம். எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அப்போது பதில் சரியாக வரவில்லை. அதற்கு முந்தைய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை நான் ராயபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் கழித்திருந்தேன் என்பதையும், என் விரல் நகங்களுக்கிடையே அப்போதும் அலுமினியத் தூள் இருந்தது என்பதையும் எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரை அவருக்கான பதில்தான்.

என் அக்காள் மகன் மாட்யுலர் சிந்தசைஸர் கட்டுகிறான். இந்த வகைக் கருவி தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நாம் கச்சேரிகளிலும் சினிமாப் பாட்டுகளிலும் கேட்டுப் பழகிய கீபோர்டு ஒரு மூடிய பெட்டி. அதற்குள் ஒலியை எழுப்பும் சுற்று, அதைச் செதுக்கும் வடிகட்டி, ஏற்றி இறக்கும் பெருக்கி எல்லாம் முன்பே இணைக்கப்பட்டுவிட்டன. மாட்யுலரில் ஒவ்வொன்றும் தனித்தனித் தகடு. எதை எதனோடு இணைப்பது என்பதை வாசிப்பவரே வயர்களால் முடிவு செய்கிறார். அமெரிக்காவில் ராபர்ட் மூகும் டான் புக்லாவும் 1960களின் முற்பாதியில் தனித்தனியே இந்த வழியைக் கண்டார்கள். இன்று உலகெங்கும் பரவியிருப்பது ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் வகுத்த யூரோராக் என்னும் அளவு.

பையன் சர்க்யூட்டைப் பற்றவைத்துவிட்டான். அதைச் சோதிக்க வேண்டும். அப்போதுதான் கேட்டான்: "மாமா, இதை எங்க மாட்டுறது?"

சிறிய கேள்விதான். மாட்டுவதற்கு இடமில்லாத மாட்யூலை மேசையில் குப்புறப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். பின்பக்கத்தை அளந்தால் முன்பக்கத்துக் குமிழைத் திருப்ப முடியாது. குமிழைத் திருப்ப நிமிர்த்தினால் அளவி முனை நழுவும். பற்றவைக்கும்போது நறுக்கிப்போட்ட கம்பித் துண்டு ஒன்று பலகைக்கு அடியில் சிக்கிக்கொண்டால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்தது. ஆகவே இரண்டு பக்கமும் திறந்த, முதுகில்லாத ஒரு சட்டம் வேண்டும். முகப்பைத் திருகால் இறுக்கி நிறுத்தி, முன்னால் காது, பின்னால் கை என்று வேலை செய்ய வேண்டும். இதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம்தான். விலையும் கூரியரும் சுங்கமும் சேர்ந்தால் அவன் கட்டிய மாட்யூலைப்போல் பல மடங்கு ஆகிறது. கருவி மலிவு, அதைத் தாங்கும் கம்பிகள் விலை அதிகம் என்பது விசித்திரமான கணக்கு. நாமே செய்வோம் என்றேன். பட்டறை நம் தெருவிலேயே இருக்கும்போது என்ன கவலை என்ற துணிச்சல்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் அவைதான் முக்கியம். முகப்புத் தகட்டின் உயரம் 128.5 மில்லிமீட்டர். மேல் திருகுக்கும் கீழ்த் திருகுக்கும் நடுவே 122.5. அகலம் 5.08 மில்லிமீட்டர் என்ற அலகின் மடங்குகளில் வரும். ஒரு தகடு நான்கு அலகு, இன்னொன்று எட்டு, பத்து. திருகு எம்3, அதாவது மூன்று மில்லிமீட்டர் தடிமன். இந்தத் தாளைப் பட்டறைப் பெரியவரிடம் நீட்டினேன். விசைப்படகுகளின் உதிரிப் பாகங்களைக் கடைந்தே நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர். காசிமேட்டிலிருந்து வரும் வேலைகள்தாம் அவருக்குச் சோறு.

தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எவ்ளோ வெயிட்டு தாங்கணும் சார்?"

"முந்நூறு கிராம் இருக்கும்ண்ணே."

சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்பது தெரிந்தது. பிறகு அளவுகளைத் தம் கணக்குக்கு மாற்றினார். அங்குலத்தில் எட்டிலொரு பங்கை நம் தச்சர்களும் கொல்லர்களும் ஒரு நூல் என்கிறார்கள். 128.5 என்பது ஐந்து அங்குலம் அரை நூல். 122.5 என்பது நாலு அங்குலம் ஆறரை நூல், கூடக் கொஞ்சம். டோப்ஃபரின் ஜெர்மன் அளவு ராயபுரத்தில் இப்படித்தான் தமிழாயிற்று. நான் அரைநாள் அகராதி புரட்டி இதைவிட நல்ல மொழிபெயர்ப்பைச் செய்திருக்க முடியாது.

நூல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நன்னூல் நினைவு வந்தது. மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைப் புத்தகமாகிய நூல் தீர்க்கும் என்று பவணந்தியார் ஒப்பிடுகிறார். வகுப்பில் இதைப் படித்தபோது புத்தகத்தின் பெருமையைச் சொல்வதாகத்தான் புரிந்துகொண்டேன். ஒப்புமையின் மறுபாதியில் தச்சன் நிற்கிறான் என்பதை எந்த ஆசிரியரும் அழுத்திச் சொல்லவில்லை. நூல் என்ற பெயரை நமக்குக் கடன் கொடுத்தவன் அவன்.

முதல் சட்டம் கெட்டது. குற்றம் பெரியவருடையதல்ல, என்னுடையது. 5.08 என்றால் என்ன, ஐந்து என்று வைத்துக்கொள்வோம், புள்ளி பூஜ்யம் எட்டைக் கண்ணால் பார்க்கவா போகிறோம் என்று சொன்னவன் நான்தான். மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினிய எல் ஆங்கிளில், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில், 42 துளைகளை ஐந்து ஐந்து மில்லிமீட்டராகக் குறித்தோம். முதல் தகடு உட்கார்ந்தது. இரண்டாவது சற்று முரண்டு பிடித்தது. கடைசித் தகட்டின் துளைக்கு நேரே திடமான அலுமினியம்தான் இருந்தது. 42 அலகுகளில் பிழை 3.36 மில்லிமீட்டராக வளர்ந்துவிட்டிருந்தது. ஒரு திருகின் தடிமனைவிட அதிகம். முகப்புகளில் துளையைச் சில சமயம் நீள்வட்டமாக விடுகிறார்கள். அது சிறு பிழையை மன்னிக்கும், இவ்வளவு பெரிய சோம்பலை மன்னிக்காது.

பெரியவர் கோபிக்கவில்லை. "அளவுன்னா அளவு சார். ஷாஃப்ட்டுல அரை நூல் வுட்டா நடுக்கடல்ல நிக்கும்" என்றார். அவ்வளவுதான்.

தீர்வு கிடைத்தது ரிச்சி தெருவில். மின்னணு மாணவர்கள் சோதனைச் சுற்றுகளைப் பற்றவைக்க வாங்கும் புள்ளிப் பலகை எல்லோருக்கும் தெரியும். டாட் போர்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் துளைகள் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில், அதாவது 2.54 மில்லிமீட்டரில் இருக்கும். ஒன்று விட்டு ஒன்றை எண்ணினால் 5.08. பையன்தான் இதைக் கவனித்தான். இயந்திரம் துல்லியமாகத் துளையிட்ட ஓர் அளவுகோல் சில்லறைக் காசுக்குக் கடையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பலகையில் ஒரு பட்டையை நறுக்கி ஆங்கிளின்மேல் வைத்துக் கவ்வியால் இறுக்கினோம். ஒன்று விட்டு ஒரு துளையில் கூர்முனையால் தட்டிப் புள்ளி வைத்தார் பெரியவர். பிறகு 2.5 மில்லிமீட்டர் ட்ரில், அதன்மேல் எம்3 டேப் போட்டு மரை வெட்டுவது. மேல் கம்பியில் 42, கீழ்க் கம்பியில் 42. மூன்று மில்லிமீட்டர் தடிமனில் மரை ஆறு சுற்றுத்தான் விழும். இந்த எடைக்கு அது தாராளம். அலுமினியம் டேப்பில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய். அப்படியும் ஒரு டேப் முறிந்தது. பெரிய போல்ட்டுகளுக்கு மரை வெட்டிப் பழகிய கைக்கு எம்3 என்பது தீக்குச்சி. மூன்றாவது வரிசைக்கு வருவதற்குள் அந்தக் கை தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளக் கற்றுவிட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நல்ல வித்வான் புதிய அரங்கத்தின் எதிரொலிக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்வதைப் பார்ப்பது போலிருந்தது.

ஏன் இரும்பு வேண்டாம், அலுமினியம் என்று கேட்டால், ராயபுரத்துக் காற்றைச் சுவாசித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியை இரண்டு மழைக்காலத்தில் உப்பு தின்றுவிடும் ஊர். துருப்பிடித்த மரையில் சிக்கிய திருகை எடுக்கப்போய் முகப்பையே கீறிக்கொள்வது சோதனைச் சட்டத்துக்கு ஆகாது. ஒரு நாளைக்குப் பத்து முறை மாட்டிக் கழற்ற வேண்டிய பொருள் அது. திருகுகள் துருப்பிடிக்காத எஃகு. பக்கவாட்டுக்கு ஆசாரி வீட்டில் மிஞ்சிய இரண்டு தேக்குத் துண்டுகள். மின்சாரத்தைப் பொறுத்தவரை கூடுதலாக 12 வோல்ட், குறைவாக 12 வோல்ட், நடுவே பூஜ்யம் என்று மூன்று வழி. பட்டை வயரின் சிவப்புக் கோடு இருக்கும் பக்கம் மைனஸ் என்பது மரபு. திருப்பிச் செருகினால் சில்லு எரிந்துபோகும். சோதனை என்பதே தவறு நடக்கும் இடமாதலால், வழியில் ஒரு சிறு ஃப்யூஸ். இவ்வளவுதான் கருவித் தாங்கி.

இங்கே நண்பருக்கான பதிலுக்கு வருகிறேன். யூரோராக்கின் அளவு இசைக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் மின்னணுப் பலகைகளை அடுக்க முன்பே புழக்கத்தில் இருந்த அடுக்குச் சட்டத்தின் அளவைத்தான் டோப்ஃபர் எடுத்துக்கொண்டார். அந்த 19 அங்குலச் சட்டத்தின் வேர் தொலைபேசி நிலையங்களில் இருக்கிறது. ஆக, இந்த இசையின் எலும்புக்கூடு தொழிற்பேட்டையில் பிறந்தது. அப்படியானால் அதன் ஊர் எது? 1955இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வந்திறங்கிய திருவொற்றியூர், அசோக் லேலண்டின் எண்ணூர், இவற்றுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே சந்து சந்தாகக் கிடக்கும் பட்டறைகள். ஒரு பொருளைச் செய்வதற்கு முன்னால் அதைப் பிடித்துக்கொள்ளும் பொருளைச் செய்ய வேண்டும் என்பது இங்கே ஐடிஐ முடித்த எந்தப் பையனுக்கும் பாலபாடம். ஜிக், ஃபிக்ஸ்சர் என்று அதற்கு அவர்களிடம் பெயர்கள் இருக்கின்றன. மின்னணு இசை கற்க வேண்டும் என்று நம் இளைஞர்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் பாதியறிவு வடசென்னையில் எண்ணெய்ப் பிசுக்குடன் கிடக்கிறது.

இந்தியாவில் இக்கருவியின் வரலாற்றையும் நினைத்துப்பார்க்க வேண்டும். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ஒரு மூக் மாட்யுலர் சிந்தசைஸர் நிறுவப்பட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ட்யூடர் அங்கே வந்து அந்தக் கூடத்தை அமைக்க உதவினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் 'ரெயின்ஃபாரஸ்ட்' என்ற படைப்பைத் தொடங்கியிருந்தார். கையில் கிடைத்த பொருள்களில் அதிர்விகளைப் பொருத்தி அவற்றையே ஒலிபெருக்கியாக்கும் வேலை அது. தகர டப்பாவில் தாளம் கண்ட கானாக்காரர்களின் ஊரில் அவருக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. 1946இல் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்றுக்கொடுத்த கீதா சாராபாய் உட்படச் சிலர் அகமதாபாத்தில் அந்தக் கருவியில் இசையமைத்தார்கள். 1969 முதல் 1972 வரையிலான அந்த ஒலிநாடாக்களை பால் புர்காஸ் என்னும் கலைஞர் நிறுவனத்தின் காப்பகத்திலிருந்து வெளிக்கொணர்ந்தார். 2023இல் தொகுப்பாகவும் வந்தது. கேட்டிருக்கிறேன். கூச்சமும் துணிச்சலும் கலந்த, முதன்முதலாகக் கடலைப் பார்க்கும் பிள்ளைகளின் குரல் போன்ற ஓசைகள். ஆனால் மூன்று நான்கு ஆண்டு நாடாக்கள்தாம். நியூயார்க் மாநிலத்தில் ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் செய்யப்பட்டு, முழுமையாக வந்திறங்கிய கருவி அது. அதைப்போல் ஒன்றை இங்கே எவரும் கட்டவில்லை. ஒரு தகட்டைக் கழற்றி, சோதித்து, அதே அளவில் இன்னொன்றைச் செய்து பொருத்தும் பட்டறை ஒன்று அதைச் சுற்றி முளைத்திருந்தால் அதன் ஆயுள் வேறாக இருந்திருக்கும் என்பது என் துணிபு. மேதைகள் வந்தார்கள். மேஸ்திரி வரவில்லை.

பிறகு நமக்கு வந்தவை மூடிய பெட்டிகள். 1986இல் 'புன்னகை மன்னன்' பாட்டுகளைக் கேட்டு வியந்த தலைமுறை என்னுடையது. அந்த வியப்பு இன்றும் குறையவில்லை. ஆனால் அந்த ஒலிகள் எதற்குள்ளிருந்து வருகின்றன என்று கேட்க எங்களுக்குத் தோன்றவேயில்லை. திறக்க முடியாத பெட்டியைக் கேள்வி கேட்கவும் முடியாது போலும்.

இது தமிழுக்குப் புதிய கதையுமல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடுவதற்கு முன்னால் மேடையை அளக்கிறார்கள். மலையில் வளர்ந்த மூங்கிலில் வெட்டிய, 24 விரல் நீளமுள்ள ஒரு கோல். அகலம் ஏழு கோல், நீளம் எட்டு, உயரம் ஒன்று. தாங்கும் பொருளின் அளவைச் சொல்லாமல் கலையைச் சொல்ல இளங்கோவுக்கு மனம் வரவில்லை. அதே காப்பியத்தின் யாழோ, அளவுகள் எழுத்தில் தங்கிவிட, கருவியாக மறைந்துபோயிற்று. 1947இல் விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' வெளிவந்தது. பல ஆண்டு உழைப்பு. கணிதத்தால் யாழை மீட்க ஓர் அறிஞர் தம் ஆயுளில் பல ஆண்டுகளைக் கொடுக்க நேர்ந்தது. யாழ் செய்த தச்சர்களின் தொடர்ச்சி ஏதேனும் ஒரு தெருவில் அறாமல் இருந்திருந்தால் அந்த உழைப்பில் பாதி மிஞ்சியிருக்கும். மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதியது 2020இல். மிருதங்கத்தின் வயதோடு ஒப்பிட்டால் எவ்வளவு தாமதம்!

பட்டறையைப் புனிதமாக்குகிறேன் என்று சில நண்பர்கள் சொல்லக்கூடும். அப்படியொன்றும் இல்லை. பெரியவருக்கு வலது காது பெரும்பாலும் கேட்காது. இரும்பை அறுக்கும் ஓசை அதை எடுத்துக்கொண்டது; காதில் அடைப்பான் வைத்து வேலை செய்யும் வழக்கம் அந்தப் பட்டறையில் என்றும் இருந்ததில்லை. மகன் ஓரகடத்தில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருக்கிறான், பட்டறைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அதில் தவறு காண எனக்கு உரிமையில்லை. பெரியவர் கண்ணை மூடினால் அந்த லேத்து பழைய இரும்புக் கடைக்குக் கிலோக் கணக்கில் போகும். எண்ணூர்க் கழிமுகம் 2017இல் 'சென்னை புறம்போக்கு பாடல்' வழியாக இசைக்குள் வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பகுதியின் சாம்பலும் நீரும் உலகுக்குத் தெரிந்தன. அங்கிருக்கும் கைகளுக்கு இசையில் வேலை உண்டு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. நான் கேட்பது அனுதாபமல்ல, ஆர்டர். இசைப்பள்ளி நடத்துகிறவர்களும் கணினியில் இசை சொல்லிக்கொடுக்கிறவர்களும் தங்கள் மாணவர்களை ஒரு நாள் திருவொற்றியூர்ப் பக்கம் அனுப்பட்டும். ஒரு சோதனைச் சட்டத்தைத் தங்கள் கையால் அளந்து, கூலி கொடுத்துச் செய்து வாங்கட்டும். முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக்கில் எடுத்துவிடலாமே என்பார்கள். எடுக்கலாம். பிளாஸ்டிக் மரை பத்து முறை திருகினால் வழுக்கிவிடும், பதினோராவது முறைக்கு இங்கேதான் வர வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு மாலை சட்டத்தைப் பட்டறை மேசையிலேயே நிறுத்தி மாட்யூலை மாட்டினோம். நான்கு திருகும் முதல் தடவையிலேயே மரையில் உட்கார்ந்தன. பையன் பழைய ஒலிபெருக்கி ஒன்றை இணைத்து, குமிழை மிகக் கீழே வைத்து மெல்லத் திருப்பினான். முதலில் டக், டக் என்று தனித்தனித் தட்டல்கள். வேகம் கூடக் கூட அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு தடித்த ஓசையாயிற்று. பெரியவர் இடது காதைத் திருப்பிக்கொண்டு கேட்டார். "லாஞ்சு இஞ்சின் ஸ்டார்ட் ஆவுற மாதிரி கீது" என்றார். பையனுக்கு முகம் சுருங்கியது, எனக்குச் சரியான விமர்சனமாகத்தான் பட்டது. இன்னும் மேலே ஏற்றியபோது, ஓர் இடத்துக்குப் பிறகு, "நின்னுடுச்சா?" என்று கேட்டார். ஓசை நிற்கவில்லை. எங்களுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பையன் ஒன்றும் சொல்லாமல் குமிழைக் கீழே இறக்கினான்.

கூலியாக நான் கொடுத்ததில் முறிந்த டேப்புக்கான காசை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். டாட் போர்டுப் பட்டையைத் திரும்பக் கேட்டேன். அது இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிச் சுவரில், படகுப் பாகங்களின் தகர மாதிரிகள் தொங்கும் ஆணிகளில் ஒன்றில் மாட்டிவைத்தார். ஒவ்வொரு மாதிரிக்கும் கீழே படகுக்காரரின் அடையாளத்தைச் சாக்பீஸால் எழுதியிருந்தது. இதன் கீழே 'பாட்டு' என்று எழுதினார்.

84 அலகில் இன்னொரு சட்டம் சொல்லியிருக்கிறேன். மழை விட்டதும் போய்ப் பார்க்க வேண்டும்.